தருமம் பாவத்தைக் கழுவுமா?

திருச்சிராப்பள்ளியில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வாய்கள் 'சத்திரம்' என்ற சொல்லை உச்சரிக்கின்றன என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. கண்டக்டர்கள் கூவுகிறார்கள், ஆட்டோக்காரர்கள் அழைக்கிறார்கள், "சத்திரத்தில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்துக்கொள்" என்று வீட்டுப் பெரியவர்கள் வெளியூர் விருந்தாளிக்கு வழி சொல்லி அனுப்புகிறார்கள். பழைய நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டி 2021-ஆம் ஆண்டில் திறந்தார்கள். கட்டடம் மாறியது, பெயர் மாறவில்லை. அங்கே போய், "ஒரு வேளைச் சோறும் இரவு படுக்க ஒரு திண்ணையும் வேண்டும்" என்று இன்று ஒருவன் கேட்டால் அவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் சத்திரம் என்ற சொல்லுக்குப் பொருளே அதுதான். வழிப்போக்கன் காசு கொடுக்காமல் உண்டு உறங்கிப் போவதற்காக யாரோ ஒருவர் தம் பொருளைச் செலவழித்துக் கட்டி வைத்த இடம்.

செய்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை. செய்த காரியத்தின் பெயர் மட்டும் ஊர் வாயில் நிலைத்துவிட்டது. ஒரு தருமத்துக்கு இதைவிட நல்ல கதி கிடைக்குமா என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அதோடு வேறொரு கேள்வியும் எழும். மனிதன் எதற்காகத் தருமம் செய்கிறான்? பிறர் பசி பொறுக்காமலா, தன் மனத்தில் உள்ள ஒரு கறையைப் பொறுக்காமலா?

திருச்சிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. இதற்கு அவர்களிடம் ஒரு பழங்கதையே இருக்கிறது. மதுரை நாயக்கர்களின் அரசு திருச்சியைத் தலைநகராகக் கொண்டிருந்த காலத்தில், 1689-ஆம் ஆண்டில், ராணி மங்கம்மாளின் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் அம்மை கண்டு இறந்தார். கைக்குழந்தையான பேரன் விஜயரங்க சொக்கநாதனின் சார்பில் மங்கம்மாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்று 1706 வரை நடத்தினாள். மலைக்கோட்டையின் அடியில் அவள் பெயர் சொல்லும் தர்பார் மண்டபம் இன்று அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது. சாலைகளும் சாலையோர மரங்களும் கிணறுகளும் சத்திரங்களும் அவள் பெயரைத் தென் தமிழ்நாடு முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இறங்கி நிற்பவர்களுக்கு மங்கம்மாள் சத்திரத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

இவ்வளவு தருமத்துக்கும் காரணமாக மக்கள் சொல்லும் கதை இதுதான்: ஒரு நாள் ஏதோ நினைவில் ராணி இடது கையால் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். செய்த பிறகுதான் உணர்ந்தாள். ஐயோ, ஆசாரம் கெட்டதே என்று நடுங்கினாள். பெரியவர்களைக் கேட்டாள். அதற்குப் பிராயச்சித்தமாகத்தான் சாலைகளும் சத்திரங்களும் எழுந்தனவாம்.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது கோபம் வரும். பதினேழு ஆண்டுகள் போருக்கும் வரிக்கும் வாரிசுச் சண்டைக்கும் நடுவில் ஒரு நாட்டைக் கட்டிக் காத்தவள், வெயிலில் நடப்பவனுக்கு நிழல் வேண்டும் என்று தானாகவே நினைத்திருக்க மாட்டாளா? அரசன் சாலை போட்டால் அது அரச தருமம். அரசி சாலை போட்டால் மட்டும், 'என்ன தப்புச் செய்தாளோ' என்று காரணம் தேட வேண்டுமா? தேடிக் கண்டுபிடித்த தப்பும் எவ்வளவு சிறியது! ஒரு வெற்றிலை.

கதையை விட்டுவிட்டு, கதை கட்டியவர்களின் மனத்தைப் பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. தருமம் என்றால் எதையோ கழுவத்தான் என்று நாம் ஆழமாக நம்புகிறோம். கழுவாய் என்ற நம் பழஞ்சொல்லிலேயே அந்த நீர் ஓடுகிறது. கையில் கறை; தருமம் தண்ணீர்; கொட்டினால் போய்விடும். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி?

இதே கேள்வியை ஆண்டுதோறும் நாள் குறித்து வைத்துக்கொண்டு சிந்திக்கிறவர்கள் யூதர்கள். அவர்கள் நமக்கு அவ்வளவு அந்நியர்களும் அல்லர். மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டில் கட்டிய அவர்களுடைய ஜெபாலயத்தைக் கொச்சிக்குச் சுற்றுலா போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். கொச்சி யூதப் பெண்கள் தங்கள் வேதக் கதைகளை மலையாளப் பாட்டாகக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடினார்கள். 1950-களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்த நோட்டுப் புத்தகங்களும் கூடவே போயின. கைப்பெட்டியில் இடம் கொஞ்சம். இருந்தும் பாட்டுக்கு இடம் இருந்தது.

யூதர்களின் புத்தாண்டுக்கும் பாவநிவாரண நாளுக்கும் இடையில் பத்து நாட்கள். பாவநிவாரண நாளன்று சூரிய அஸ்தமனத்திலிருந்து மறுநாள் இருட்டும்வரை தண்ணீர்கூட அருந்தாத உபவாசம். அந்த நாட்களின் பிரார்த்தனையில் மூன்று சொற்கள் வருகின்றன. மனிதனுக்கு எழுதப்பட்ட தீர்ப்பின் கடுமையைத் தணிக்க வல்லவை இந்த மூன்றும் என்பது கருத்து. தெஷுவா, தெஃபில்லா, த்ஸெடாகா. நாம் வருந்துதல், வேண்டுதல், ஈதல் என்று சொல்லலாம். ஆனால் மூலச் சொற்களின் பொருள் இன்னும் சுவையானது. தெஷுவா என்றால் திரும்புதல். தமிழ்க் கிறிஸ்தவர்கள் மனந்திரும்புதல் என்று சொல்கிறார்களே, கிட்டத்தட்ட அதுதான். தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவன் உள்ளே உட்கார்ந்து அழுவதால் பயன் இல்லை. இறங்கித் திரும்ப வேண்டும். த்ஸெடாகா என்ற சொல்லின் வேர் இரக்கம் அல்ல, நீதி. ஏழைக்குக் கொடுப்பது உன் தயவு அல்ல, அவனுக்குச் சேர வேண்டியதை அவனிடம் சேர்ப்பது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

மூன்றில் எது முதலில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். நாம் தருமத்தில் தொடங்கித் தருமத்திலேயே முடித்துவிடப் பார்க்கிறோம். அவர்கள் அதை மூன்றாவதாக வைத்தார்கள்.

இந்த மூன்றையும் பண்டிதர்கள் பல ஏடுகளில் விரித்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவற்றைத் தெளிவாக்கியவை அந்த ஏடுகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் சில பெண்களின் கதைகள். பெண்ணுக்கு வேதம் கற்பிக்கலாமா என்பதே அங்கே பெரிய வழக்காக இருந்தது. மகளுக்குக் கற்பிப்பது தகப்பனின் கடமை என்றார் ஒரு ரபி. அது அவளைக் கெடுப்பதற்குச் சமம் என்றார் இன்னொருவர். பல நூற்றாண்டுகள் இரண்டாமவர் பக்கமே வென்றது. வேத பாடசாலையின் கதவு சாத்தியிருந்தது. அதனால் பெண்கள் கல்லாமல் இருந்துவிட்டார்களா? ரொட்டிக்கு மாவு பிசையும்போது அதில் ஒரு பிடியைக் கடவுள் பெயரால் எடுத்து வைப்பதில் படித்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுமுன் உண்டியல் பெட்டியில் ஒரு காசு போடுவதில் படித்தார்கள். ஐரோப்பாவில் அவர்களுக்காக இத்திஷ் என்ற வீட்டு மொழியில் பிரார்த்தனைப் புத்தகங்கள் அச்சாயின. அவற்றில் சிலவற்றைப் பெண்களே எழுதினார்கள். கடைசியில் போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் சாரா ஷெனிரர் என்ற தையற்காரப் பெண் 1917-ல் பெண்களுக்கென்று ஒரு சமயப் பள்ளியைத் தொடங்கினாள். அது கிழக்கு ஐரோப்பா முழுவதும் நூற்றுக்கணக்கான பள்ளிகளாகப் பரவியது. இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் கொலைகாரர்கள் அந்தப் பள்ளிகளையும் அவற்றில் படித்த பெண்களையும் அழித்தார்கள். போருக்குப் பிறகு மிஞ்சியவர்கள் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் மறுபடி தொடங்கினார்கள்.

அந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்த கதைகளில் முதலாவது அன்னாளின் கதை. பிள்ளையில்லாதவள், சக்களத்தியின் ஏச்சுக்கு ஆளானவள். ஆலயத்தில் நின்று உதடு மட்டும் அசைய, குரல் வெளியே வராமல் வேண்டுகிறாள். ஏலி என்ற ஆசாரியர் பார்த்துவிட்டு அவள் குடித்திருக்கிறாள் என்று கடிந்துகொள்கிறார். அவள் பணிவாக, ஆனால் தயங்காமல் மறுக்கிறாள். குடிக்கவில்லை, மனத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன் என்கிறாள். ஆசாரியர் தம் பிழையை உணர்ந்து அவளை ஆசீர்வதிக்கிறார். பிரார்த்தனை எப்படிச் செய்ய வேண்டும் என்ற விதிகளைப் பிற்கால ரபிகள் எடுத்தது அந்த ஆசாரியரிடமிருந்து அல்ல, இந்தப் பெண்ணிடமிருந்து. புத்தாண்டு நாளில் இன்றும் ஜெபாலயங்களில் அவள் கதையை வாசிக்கிறார்கள்.

இரண்டாவது, பெரூரியாவின் கதை. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன் தொகுத்த தல்மூத் என்ற பெருநூலில் வருகிறது. பெரூரியா மகா படிப்பாளி. கணவர் ரபி மேயரும் பெரிய அறிஞர். அவர்கள் தெருவில் சில போக்கிரிகள் இருந்துகொண்டு ரபிக்குத் தாங்க முடியாத தொல்லை கொடுத்தார்கள். அவர் மனம் நொந்து, இவர்கள் செத்தொழிய வேண்டும் என்று பிரார்த்தனை செய்தார். மனைவி தடுத்தாள். சங்கீதத்தின் ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு வாதாடினாள். ஒழிய வேண்டும் என்று அங்கே சொல்லியிருப்பது பாவங்களையா, பாவிகளையா? அவர்கள் திருந்த வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். திருந்திவிட்டால் பாவிகள் எங்கே இருப்பார்கள்? அவர் அப்படியே வேண்டினார். போக்கிரிகள் திருந்தினார்கள்.

என்னுடைய சந்தேகம், முதலில் திருந்தியவர் ரபி மேயர்தான் என்பது. பக்கத்து வீட்டுக்காரன் சாக வேண்டும் என்று கும்பிட்ட கை, அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிடக் கற்றுக்கொண்டது. பிரார்த்தனை கடவுளை மாற்றுகிறதோ இல்லையோ, கேட்கிற வாயை மாற்றுகிறது.

மூன்றாவது கதையில் அந்தப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. அப்பா ஹில்கியா என்ற ஏழைத் தொழிலாளியின் மனைவி. மழை இல்லாத காலத்தில் அறிஞர்கள் அவரைத் தேடி வருகிறார்கள். கணவனும் மனைவியும் மாடிக்குப் போய் ஆளுக்கு ஒரு மூலையில் நின்று வேண்டுகிறார்கள். மேகம் முதலில் எழுந்தது மனைவி நின்ற மூலையிலிருந்து. ஏன் என்று அறிஞர்கள் கேட்டபோது கணவர் கூச்சப்படாமல் காரணம் சொன்னார்: நான் ஏழைக்குக் காசு கொடுக்கிறேன், அதைக் கொண்டு போய் அவன் எதையாவது வாங்கிப் பிறகு தின்ன வேண்டும். இவள் வீட்டில் இருக்கிறாள். வாசலில் வந்தவனுக்கு ரொட்டியையே கொடுக்கிறாள். அவன் பசி அப்போதே தீர்கிறது. அல்லது இன்னொரு காரணமும் இருக்கலாம். தெருவில் இருந்த திருடர்கள் சாக வேண்டும் என்று நான் வேண்டினேன். அவர்கள் திருந்த வேண்டும் என்று இவள் வேண்டினாள்.

இந்தக் கதையை நம் பாட்டிமார்களிடம் சொன்னால், "இதிலே அதிசயம் என்ன?" என்றுதான் கேட்பார்கள். காசாகக் கொடுப்பதில் ஒரு தூரம் இருக்கிறது. சோறாகக் கொடுப்பதில் அந்தத் தூரம் இல்லை. இலையில் பரிமாறுகிறவள் உண்கிறவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாக வேண்டும்.

திருடர்களைப் பற்றிய பேச்சு வந்ததால், காவிரியின் இந்தக் கரையிலும் ஒரு பெண்ணைக் காட்ட விரும்புகிறேன். சத்திரம் பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், உறையூர். அங்கே மல்லனாக இருந்து, ராமாநுஜருக்குச் சீடனாகி ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர் பிள்ளை உறங்காவில்லி தாசர். அவர் மனைவி பொன்னாச்சி. வைணவ குருபரம்பரைக் கதைகளில் இவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வருகிறது. கொடியில் உலர்ந்த தங்கள் துணியில் யாரோ சிறிது கிழித்துவிட்டார்கள் என்பதற்காக மடத்துச் சீடர்கள் ஒருவரையொருவர் வைது சண்டையிட்டார்கள். கிழித்து வைக்கச் செய்தவர் ராமாநுஜர்தான். இன்னோர் இரவு, தாசரைத் தம்மிடம் பேச்சில் நிறுத்திக்கொண்டு, அந்தச் சீடர்களையே பொன்னாச்சியின் நகைகளைத் திருடி வரும்படி அனுப்பினார். தூங்கிக்கொண்டிருந்தவளின் ஒரு பக்கத்து நகைகளை அவர்கள் கழற்றினார்கள். அவள் விழித்துக்கொண்டாள், கண்ணைத் திறக்கவில்லை. பாவம், என்ன வறுமையோ, மறு பக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தூக்கத்தில் புரள்வதுபோல் புரண்டு படுத்தாள். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள்.

கணவர் வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவர் மகிழவில்லை. என் நகை, நான் கொடுக்கிறேன் என்ற நினைப்பு உன்னிடம் இருந்ததால்தானே புரண்டாய், அசையாமல் கிடந்திருந்தால் முழுவதையும் எடுத்திருப்பார்களே என்று வருந்தினார். மறைந்திருந்து கேட்ட சீடர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள். கந்தலுக்குச் சண்டை போட்ட நாம் எங்கே, இவர்கள் எங்கே!

கதையின் கடைசி வார்த்தையைச் சம்பிரதாயம் கணவருக்குக் கொடுத்திருக்கிறது. கொடுப்பதிலும் 'நான்' நுழைந்துவிடும் என்பது மிகவும் பெரிய பாடம்தான். ஆனாலும் அந்தச் சீடர்களைத் திருப்பியது, தத்துவத்துக்கு முன்னால், இருட்டில் ஒரு பெண் புரண்டு படுத்த அந்த அசைவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கூச்சல் போட்டிருந்தால் அவர்கள் திருடர்களாகவே பிடிபட்டிருப்பார்கள். அவர்கள் திரும்பி வருவதற்கு அவள் ஒரு வழியைத் திறந்து வைத்தாள். பெரூரியாவும் பொன்னாச்சியும் சந்தித்திருந்தால் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது.

இனி, திரும்புதல் என்ற முதல் சொல்லுக்கு வருகிறேன். மூன்றிலும் கடினமானது அதுதான். யூத சட்டம் இதில் மிகவும் கறாராக இருக்கிறது. மனிதன் கடவுளுக்குச் செய்த குற்றத்தைப் பாவநிவாரண நாள் போக்கும். சக மனிதனுக்குச் செய்த குற்றத்தை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்துகிற வரையில், அந்தப் பெருநாளும் போக்காது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த பேரறிஞர் மைமோனிடிஸ் இதை விரித்துச் சொல்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது; மன்னிப்பும் கேட்க வேண்டும். அவன் மன்னிக்காவிட்டால் நண்பர்கள் மூவரை அழைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். இரண்டாம் முறை, மூன்றாம் முறையும் போக வேண்டும். அவன் இறந்துவிட்டானா? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவன் சமாதிக்குப் போய், இவனுக்கு நான் இன்னது செய்தேன் என்று சொல்ல வேண்டும். திரும்புதல் முழுமையானதா என்பதற்கும் ஒரு சோதனை வைத்திருக்கிறார். அதே தப்பைச் செய்ய அதே வாய்ப்பு மறுபடி வந்து, அப்போது நீ செய்யாமல் விலகினால், அன்றுதான் திரும்பியவன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பெரியவர் நல்ல உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தாயாரின் திதிதோறும் நூறு பேருக்குக் குறையாமல் இலை போட்டுச் சோறு போடுவார். தாமே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தி விசாரிப்பார். பொய்யான பக்தி என்று சொல்ல என் மனம் துணியாது. கண்ணில் நீர் தளும்பும். ஆனால் அந்தத் தாயார் இருந்த வீட்டில் ஒரு பங்கு அவருடைய தங்கைக்கும் சேர வேண்டியது. கணவனை இழந்து கைக்குழந்தையோடு நின்ற நாளில், ஏதோ பத்திரம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார் அண்ணன். அந்த அம்மாள் பிறகு ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குப் போய்ப் பிள்ளையை ஆளாக்கினாள். தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து சத்திரத்தில் இறங்குவாள். இரவில் கடை சாத்திய பிறகு அங்கேதான் பஸ்ஸுக்குக் காத்து நிற்பாள். ஒரு முறை பேச்சு வந்தபோது அவள் சொன்னாள்: "எங்க அண்ணன் ஊருக்கெல்லாம் சோறு போடறார். நல்லதுதானே சார். 'நான் செஞ்சது தப்பும்மா'ன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா, அந்தப் பந்தியிலே நானே வந்து இலை போட்டிருப்பேன்."

சொத்துச் சட்டம் பெண்ணின் பக்கம் வந்து வெகு காலம் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் மகளுக்கும் மகனுக்கும் பிறப்புரிமை சமம் என்று திருத்தம் செய்தார்கள். ஆனால் அந்த அம்மாள் கேட்டது கோர்ட்டு கொடுக்கக்கூடியது அல்ல. நூறு இலைக்குச் செலவழிக்கிறவருக்கு அந்த ஒரு வார்த்தை ஏன் வரவில்லை? காரணம் எளிது. நூறு பேருக்குச் சோறு போடும்போது அவர் உயர்ந்து நிற்கிறார். தங்கை வாசலில் போய் நின்றால் தாழ்ந்து நிற்க வேண்டும். உயர்ந்து நின்றபடியே பாவத்தைக் கழுவிக்கொள்ள ஒரு வழி இருந்தால் யார்தான் தாழ்ந்து நிற்பார்கள்?

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் இதே கேள்வி ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மங்கம்மாள் வளர்த்து ஆளாக்கிய பேரன் விஜயரங்க சொக்கநாதன், 1706 முதல் 1732 வரை ஆண்டவன், தன் குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் உருவச் சிலைகள் அங்கே இருக்கின்றன. கோயில்களுக்கு அவனைப்போல் வாரி வழங்கியவர்கள் குறைவு. யாத்திரை போய்க் கொடுத்துக்கொண்டே இருந்ததில் அரசாங்கப் பொக்கிஷம் தளர்ந்தது என்று சரித்திரக்காரர்கள் அவன்மேல் குறைகூட எழுதியிருக்கிறார்கள். பாட்டியின் கடைசி நாட்களைப் பற்றியோ செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. அவளைச் சிறையில் அடைத்து, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், கைக்கு எட்டாத இடத்தில் சோற்றை வைத்துப் பட்டினியால் சாகவிட்டார்களாம். நாடெங்கும் சோற்றுக்குச் சத்திரம் வைத்தவளுக்கு ஒரு பிடி சோறு எட்டவில்லை என்கிறது அந்தக் கதை.

செவிவழிச் செய்தியை வைத்துக்கொண்டு ஓர் அரசனைக் குற்றவாளியாக்க நான் முற்படவில்லை. மக்கள் இந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே காப்பாற்றி வந்திருக்கிறார்கள் என்பதுதான் என்னைச் சிந்திக்க வைக்கிறது. இடது கையால் வெற்றிலை போட்டவள் அதற்காக நாடு முழுவதும் நிழல் வைத்தாள். பாட்டியைப் பட்டினி போட்டவன் என்று பேசப்பட்டவன் கோயிலுக்குப் பொன் கொடுத்தான். ஒருத்தி பிழை சிறிது, கழுவாய் பெரிது. இன்னொருவன் கொடுத்த பொன் எவ்வளவானாலும் அந்தச் சோற்றுப் பானையை அவளுக்கு ஒரு முழம் அருகில் நகர்த்தவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு முழம்தான்.

மங்கம்மாள் ஆட்சியை ஏற்ற அதே 1689-ல், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் க்ளூக்கெல் என்ற யூதப் பெண் விதவையானாள். பிள்ளைகளைக் கரையேற்றவும், கணவர் விட்டுப்போன முத்து வியாபாரத்தை நடத்தவும் வேண்டிய பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. இரவில் தூக்கம் வராமல் துயரம் பிடுங்கியபோது, 1691-ல், தன் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்காக எழுதத் தொடங்கினாள். அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்ணின் எழுத்தில் இன்றும் வாசிக்கப்படும் அருமையான நூல் அது. அதில் லாபக் கணக்கும் இருக்கிறது. நல்லது செய், கடன் பாக்கி வைக்காதே, கடவுளிடம் திரும்பு என்ற உபதேசமும் இருக்கிறது. அவள் எழுதினாள், இவள் சாலை போட்டாள். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு விதவைகள், போனவர்களுக்காக அழுதுகொண்டே வரப்போகிறவர்களுக்கு வழி செய்தார்கள். இதற்கு வெற்றிலைக் கதை எதற்கு?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பசித்தவனுக்கு இதெல்லாம் என்ன கவலை? ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பந்தியில் உட்கார்ந்திருப்பவன், இந்தச் சாம்பாருக்குப் பணம் கொடுத்தவன் தன் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டானா என்று விசாரித்துவிட்டா சாப்பிடுவான்? மன்னிப்புக் கேட்காதவன் தருமமும் செய்யக் கூடாது என்று சொன்னால் முதலில் பட்டினி கிடப்பவன் ஏழைதானே?

உண்மை. ஆகவே அந்தப் பெரியவர் நூறு இலையை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இருநூறாகப் போடட்டும். ஆனால் அந்தச் செலவைத் தங்கையின் பற்றில் வரவு வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். த்ஸெடாகா என்ற சொல்லுக்கு நீதி என்று பொருள் என்றேன். ஏழைக்குக் கொடுப்பது நாம் ஏற்கெனவே பட்டிருக்கிற கடன். ஒரு கடனைத் தீர்த்த ரசீதைக் காட்டி இன்னொரு கடன் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் எந்த மளிகைக் கடைக்காரர் ஒப்புக்கொள்வார்? தெருக்கோடிக் கடையில் கொடுத்துவிட்டேன், உமக்குத் தர வேண்டியதில்லை என்றால் சிரிக்க மாட்டாரா?

அப்படியானால் தருமத்தை அந்த மூன்றில் ஒன்றாக ஏன் வைத்தார்கள்? எனக்குப் பிடிபட்ட அளவில் விடை இது. திரும்புகிறவன் முதலில் தாழ்ந்து நிற்கிறான். தாழ்ந்து நின்றவனுக்குப் பிறர் படும் பாடு தெரிகிறது. அவர்களுக்காக வேண்டத் தோன்றுகிறது. வேண்டிக்கொண்டவன் கையை மூடி வைத்திருக்க முடியாது. அது தானே திறக்கிறது. மூன்றும் ஒரே வழியில் அடுத்தடுத்து வரும் ஊர்கள். கடைசி ஊருக்கு நேரே போய் இறங்கிவிட்டு, வழி முழுவதும் நடந்து வந்ததாகச் சொல்லிக்கொள்வதில்தான் மோசம் இருக்கிறது.

சமணர்கள் தங்கள் பர்யுஷண விரதத்தின் முடிவில், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கும்படி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். கணவன் மனைவியிடமும், முதலாளி கணக்குப்பிள்ளையிடமும் கேட்பார்கள். சடங்காகப் போய்விடுகிறதே என்று சிலர் குறை சொல்லலாம். சடங்கில் ஒரு சௌகரியம் உண்டு. வாய் வராதவனுக்கு அது வாய் கொடுக்கிறது. எல்லாரும் கேட்கிற நாளில் அவனும் கேட்டுவிடலாம்.

நம்மில் பலருக்கு அப்படி ஒரு நாள் இல்லை. ஆனால் தீபாவளி இருக்கிறது. உறவுகளுக்கெல்லாம் பட்சணப் பெட்டி அனுப்புகிறோம். பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுக்கும், விட்டுப்போகக் கூடாதே என்று பையனிடமோ கூரியரிலோ கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இந்த வருஷம் அந்த ஒரு பெட்டியை மட்டும் நாமே எடுத்துக்கொண்டு போகலாம். கதவைத் திறக்கிறவள் முதலில் திகைப்பாள். உள்ளே வரச் சொல்வாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம். பெட்டியை நீட்டுமுன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால், வாங்கிக்கொள்ளாவிட்டாலும் பாதகமில்லை. மூன்று முறை போகலாம் என்று அந்த எகிப்துப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.